படுக்கையருகே ஒரு முத்திரை

“நோட்டரி யாரையாவது இங்கேயே வரச் சொல்ல முடியுமா?” குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் பத்து நாள் படுத்துவிட்டால், மகனோ மருமகனோ இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். வங்கியிலிருந்து பணம் எடுக்க வேண்டியிருக்கும். முன்பணம் வாங்கிய மனை விற்பனை பாதியில் நிற்கும். உயில் எழுதாமலே விட்டிருப்பார்கள். காரணம் எதுவானாலும் நினைவுக்கு வரும் ஆள் நோட்டரிதான். வட்ட முத்திரையை ஒருமுறை அழுத்திவிட்டால் காகிதத்துக்குச் சட்ட பலம் வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது.

அந்த நம்பிக்கையில் சிறு பகுதிதான் சரி. நோயாளிக்குத் தேவைப்படும் காகிதங்களில் நோட்டரி வந்து முடிக்கக்கூடியவை சில. சார் பதிவாளர் வந்தால்தான் முடிபவை சில. வங்கி அதிகாரி வரவேண்டியவை சில. எந்த அதிகாரியும் வரத் தேவையில்லாதவையும் உண்டு. அவற்றில் முக்கியமானது உயில். எதற்கு யார் என்று தெரியாமல், கடைசி நேரத்தில் தவறான ஆளைத் தவறான காகிதத்தோடு கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்துவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதன் விலையைப் பதினைந்து ஆண்டு கழித்து உரிமையியல் நீதிமன்றத்தில் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

முதலில் நோட்டரி யார் என்று பார்த்துவிடலாம். 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி மத்திய அரசோ மாநில அரசோ ஒரு குறிப்பிட்ட பகுதிக்கென நியமிக்கும் சட்ட அலுவலர் அவர். பொதுவாகப் பத்தாண்டு தொழில் செய்த வழக்கறிஞர்கள்தான் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழாண்டு போதும். கையெழுத்திடுபவர் இன்னார்தான் என்று சரிபார்ப்பது, அவர் தம் முன்னிலையில் கையெழுத்திட்டதைச் சான்றளிப்பது, பிரமாணம் செய்விப்பது, இவற்றைப் பதிவேட்டில் எழுதி வைப்பது ஆகியவை அவர் வேலை. ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பதற்கு அவர் பொறுப்பல்ல. அவர் முத்திரையால் சொத்து கைமாறுவதும் இல்லை.

அவர் அலுவலகத்தை விட்டு வெளியே வரலாமா? தாராளமாக வரலாம். 1956-ஆம் ஆண்டின் விதிகள் கட்டணத்தோடு பயணப்படியையும் கிலோமீட்டர் கணக்கில் அனுமதிக்கின்றன. தூரமும் பெரும்பாலும் தடையில்லை. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து உயர் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி அமர்ந்திருக்கும் நோட்டரிகளிடம் நடந்தே போய்விடலாம். ஆனால் நடைமுறையில் காகிதம்தான் நோட்டரியிடம் போகிறது. நோட்டரி நோயாளியிடம் போவது அபூர்வம். வீட்டிலோ வார்டிலோ கையெழுத்து வாங்கி, யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டு போய் முத்திரை குத்தி வாங்கி வருவது ஊரறிந்த வழக்கம். ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்ற வாசகத்துக்குக் கீழே ஒப்பமிட்டவர், கையெழுத்திட்டவரைப் பார்த்தே இருக்கமாட்டார். வேறு எந்த ஆவணத்திலும் இந்தக் குறுக்குவழி எப்படியோ தப்பித்துப் போகலாம். மருத்துவமனை ஆவணத்தில் தப்பிக்காது. அந்தத் தேதியில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார் என்பதற்கு மருத்துவமனையின் பதிவேடே சாட்சி. எதிர்த் தரப்பு வழக்கறிஞர் நோட்டரியின் பதிவேட்டை வரவழைத்து, எந்த இடத்தில் யார் கையெழுத்திட்டார்கள் என்று கேட்டால் ஆவணம் அங்கேயே விழும்.

அமெரிக்காவில் இந்த ‘வருகை’யே தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் நோட்டரி ஆக வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. முத்திரையையும் பதிவேட்டையும் காரில் வைத்துக்கொண்டு மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறை என்று அழைத்த இடத்துக்குப் போகும் நடமாடும் நோட்டரிகள் ஏராளம். கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. பயணச் செலவைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். பவர் பத்திரமோ வீட்டுப் பத்திரமோ என்றால் நோயாளியின் பெருவிரல் ரேகையையும் பதிவேட்டில் எடுத்தாக வேண்டும். இணையம் தேடி இந்த ஏற்பாட்டைப் பார்க்கும் நம்மவர்கள் ‘இதே போல இங்கும் வந்தால் போதுமே’ என்று நினைப்பது இயல்பு. அந்த நாட்டின் நோட்டரிக்கு அந்த மதிப்பைத் தருவது அங்குள்ள பவர் பத்திரச் சட்டம் என்பது கண்ணில் படுவதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்திலேயே இன்னொரு முறை இருக்கிறது. இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதி (நிலப் பத்திரம்) எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். மரண சாசனமும் (உயிலும்) நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாக இருந்தோ, நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகளோடோ எழுதப்பட வேண்டும். யாழ்ப்பாணத்து நோயாளியின் கட்டிலருகே நொத்தாரிசு வந்து நின்றால் காணியே கைமாற முடியும். மதுரை நோயாளியின் கட்டிலருகே நோட்டரி வந்து நின்றால் அது முடியாது.

பவர் என்னும் பொறி

மருத்துவமனையில் அதிகம் கேட்கப்படும் ஆவணம் ‘பவர்’, அதாவது பொது அதிகாரப் பத்திரம். அப்பாவால் நடமாட முடியவில்லை, மகன் பெயருக்குப் பவர் எழுதி வாங்கிவிட்டால் எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வான் என்பது கணக்கு. இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, பதிவு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி, இன்னொருவர் சார்பில் ஓர் ஆவணத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய அதிகாரம் தரும் பவர், இந்தியாவில் வசிப்பவர் எழுதுவதானால், அவர் வசிக்கும் பகுதியின் பதிவாளர் அல்லது சார் பதிவாளர் முன்னிலையில் எழுதி உறுதி செய்யப்பட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்குத்தான் நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரகம் ஆகிய வழிகள். போதாக்குறைக்குத் தமிழ்நாடு 2012-இல் கொண்டுவந்த திருத்தம், வெளிநாட்டில் எழுதப்பட்டவை நீங்கலாக, அசையாச் சொத்து தொடர்பான எல்லாப் பவர் பத்திரங்களையும் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே சிங்கப்பூரில் இருக்கும் மகன் நோட்டரி முன்னிலையில் எழுதி அனுப்பும் பவர் இங்கே நடைமுறைகளை முடித்த பிறகு செல்லும். தஞ்சாவூர் மருத்துவமனையில் படுத்திருக்கும் தந்தை நோட்டரி முன்னிலையில் எழுதிய பவரை வைத்து ஒரு சென்ட் நிலம்கூட விற்க முடியாது. இது தெரியாமல் கட்டில்வரை வந்து முத்திரை வைத்துவிட்டுப் போனவருக்குக் கட்டணம் கொடுத்த குடும்பங்கள் பல.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகமை முடிந்துவிடுகிறது. நினைவு தப்பினால் வேண்டுமே என்றுதான் குடும்பம் பவர் எழுதுகிறது. நினைவு தப்பிய அன்றே அந்தப் பவர் செத்துவிடுகிறது. அமெரிக்க மாநிலங்களிலும் இங்கிலாந்திலும் நினைவு போன பிறகும் நீடிக்கும் பவரைச் சட்டமே அனுமதிக்கிறது. நடமாடும் நோட்டரியின் தொழில் அங்கே செழிப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. பலர் தெரிந்தே இந்தப் பிரிவைக் கண்டுகொள்ளாமல், நினைவில்லாத தந்தையின் பவரைக் காட்டிக் கணக்கை நடத்துகிறார்கள். உடன்பிறந்தவர்களுக்குள் சண்டை வராதவரை ஓடும்.

நினைவே திரும்பாதவர்களுக்கு என்ன வழி? மனவளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் காப்பாளர் நியமிக்க வழி செய்கிறது. கோமாவில் இருப்பவருக்கு எந்தச் சட்டமும் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல், மருத்துவக் குழுவின் அறிக்கை, வருவாய்த் துறை விசாரணை, காப்பாளர் அவ்வப்போது கணக்குக் காட்டுதல் என்று ஒரு நடைமுறையைத் தானே வகுத்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படியொரு வழக்கு வந்தது. கோமாவில் இருக்கும் கணவரின் சொத்தை விற்று மருத்துவச் செலவையும் குடும்பத்தையும் பார்க்க மனைவி அனுமதி கேட்டார். தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக்கி அனுமதி தந்தது. நினைவு போனபின் உயர் நீதிமன்றம்தான் கதி என்பது மாவட்டத் தலைநகரைத் தாண்டி வெளியூர் போகாத குடும்பத்துக்கு எவ்வளவு தொலைவு என்று எண்ணிப் பார்க்கலாம்.

சார் பதிவாளர் வருவார்

சொத்துக் காகிதங்களுக்குப் படுக்கையருகே வரவேண்டியவர் சார் பதிவாளர். அவர் வருவதற்குச் சட்டம் நூறாண்டுக்கு மேலாகவே இடம் வைத்திருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, தகுந்த காரணம் காட்டினால் பதிவு அலுவலர், தாக்கல் செய்பவரின் இருப்பிடத்துக்கே சென்று ஆவணத்தையோ உயிலையோ ஏற்கலாம் என்கிறது. 38-ஆம் பிரிவு, உடல் நலிவால் அலுவலகத்துக்கு வருவது ஆபத்து அல்லது பெருஞ்சிரமம் என்றால் அவர் நேரில் வரத் தேவையில்லை; அலுவலர் போய் விசாரிக்க வேண்டும் அல்லது விசாரிக்க வேறொருவருக்கு ஆணை அனுப்ப வேண்டும் என்கிறது. பதிவுத் துறைப் பேச்சில் இதற்குப் ‘பிரைவேட் அட்டெண்டன்ஸ்’ என்று பெயர். விண்ணப்பம், மருத்துவரின் சான்று, அதற்கான தனிக் கட்டணம் மூன்றும் வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வழக்கம்போல.

சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது ஏன் பலருக்குத் தெரியவில்லை? பத்திர எழுத்தருக்குத் தெரியும். அவர் வழியாகத்தான் இந்த வசதி மக்களுக்குக் கிடைக்கிறது, அதற்கான செலவும் அவர் வழியாகவே போகிறது. கார் ஏற்பாடு செய்வது, அலுவல் நேரம் முடிந்தபின் வருவது, வந்தவர்களைக் ‘கவனிப்பது’ என்று எழுதப்படாத கட்டணம் ஒன்று பல இடங்களில் சேர்ந்துகொள்கிறது. முறையான கட்டணம் இருக்கும்போதே இந்த நிலை என்பதால், இது வசதியுள்ளவர்களின் வசதியாகவே நின்றுவிட்டது. ஒரு நாள் தாமதமானால் ஆளே இருக்கமாட்டார் என்ற நிலையில் யாரும் பேரம் பேசுவதில்லை.

எல்லை இன்னொரு முடிச்சு. நிலம் இருக்கும் பகுதியின் சார் பதிவாளரிடம்தான் விற்பனை, தானசெட்டில்மென்ட் போன்றவற்றைத் தாக்கல் செய்ய வேண்டும். தென்காசிக்காரர் சென்னையில் சிகிச்சைக்குப் படுத்திருந்தால் தென்காசி சார் பதிவாளர் ரயிலேறி வரமாட்டார். அப்போது 38-ஆம் பிரிவு சொல்லும் விசாரணை ஆணை வேண்டும். அல்லது நோயாளி இருக்கும் ஊரிலேயே பவர் எழுதிப் பதிந்து, அதை வைத்து வேறொருவர் தென்காசியில் விற்பனையை முடிக்க வேண்டும். அதுவும் நோயாளி நினைவோடு உயிருடன் இருக்கும்வரைதான். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக் கணக்கில் தங்கும் நோயாளிகளுக்கு மொழியும் சேர்ந்துகொள்கிறது. அந்த மாவட்டத்தில் வழங்காத, அலுவலருக்குப் புரியாத மொழியில் எழுதிய ஆவணத்தை, சரியான மொழிபெயர்ப்பு இல்லையென்றால், பதிவு அலுவலர் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு.

ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஆவணம் எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து பதிவுக்குத் தாக்கல் செய்ய நான்கு மாதம் அவகாசம் இருக்கிறது. நோயாளி தேறி வருவார் என்று மருத்துவர் சொன்னால், இன்று சாட்சிகளோடு கையெழுத்து வாங்கிவிட்டு, வீடு திரும்பியபின் அவரே அலுவலகம் போய் ஒப்புக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. இறந்துவிட்டால் வாரிசுகள் ஒப்புக்கொண்டால் பதிவாகும். மறுத்தால் விசாரணை, வழக்கு.

சார் பதிவாளர் வருவதன் உண்மையான பயன் முத்திரையில் இல்லை, அவர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. ‘இதை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?’ என்று அவர் கேட்டாக வேண்டும். சித்த சுவாதீனம் இல்லாதவராகத் தோன்றினால் பதிய மறுக்க வேண்டும் என்று 35-ஆம் பிரிவு அவரைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டு நிமிடத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அவர் இறங்கிப் போனால் வந்ததற்கே அர்த்தமில்லை.

உயிலுக்கு யாரும் வேண்டாம்

உயிலைப் பற்றிய மூட நம்பிக்கைகள் தனிப் புத்தகமாகும். முத்திரைத்தாள் வேண்டும், நோட்டரி வேண்டும், பதிவு செய்தால்தான் செல்லும் என்று மூன்றும் சொல்லப்படுகின்றன. மூன்றும் தவறு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் கேட்பது இவ்வளவுதான்: எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும், அல்லது அவர் சொல்லி அவர் முன்னிலையில் வேறொருவர் கையெழுத்திட வேண்டும், அதைக் கண்ட, அல்லது தம்முடைய கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வெள்ளைத் தாள் போதும். பதிவு விருப்பத்தின் பாற்பட்டது. செய்வதானால் எந்தச் சார் பதிவாளரிடமும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தென்காசிச் சிக்கல் உயிலுக்கு இல்லை. மின்கையெழுத்து மட்டும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை விலக்கி வைத்திருக்கிறது.

நோயாளி உயில் எழுதலாமா என்ற ஐயத்துக்கும் அந்தச் சட்டமே 59-ஆம் பிரிவில் விடை வைத்திருக்கிறது. நோயாலோ போதையாலோ தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாத நிலையில் எழுதக் கூடாது; உடல் தளர்ந்து நலிந்திருந்தாலும் சொத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் தெளிவு இருந்தால் அது செல்லும் என்று ஓர் எடுத்துக்காட்டையே சேர்த்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் அதை எழுதியவர்கள் மரணப் படுக்கையை நன்றாக அறிந்தவர்கள்.

உயில் தோற்பது வடிவத்தால் அன்று, சந்தேகத்தால். 1958-இல் உச்ச நீதிமன்றம் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் வகுத்த அளவுகோல் இன்றும் எல்லா உயில் வழக்கிலும் எடுத்தாளப்படுகிறது. கையெழுத்து நடுங்கியிருக்கிறதா, எழுதியவர் மனம் தளர்ந்திருந்ததா, பங்கீடு இயல்புக்கு மாறாக இருக்கிறதா, பயன் பெறுபவரே முன்னின்று உயிலை எழுத வைத்தாரா? இப்படிச் சந்தேகம் எழுந்தால் அதை நீக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுபவர் தலையில். மருத்துவமனை உயில் ஒவ்வொன்றும் இந்தப் பட்டியலில் பாதியோடு பிறக்கிறது.

சாட்சித் தேர்வில்தான் பெரிய அலட்சியம். அவசரத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளியின் அட்டெண்டரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். உயிலை நிரூபிக்கக் குறைந்தது ஒரு சாட்சியாவது கூண்டேற வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்த அட்டெண்டரை எந்த ஊரில் தேடுவது? எழுதுபவரைவிட வயதில் இளையவராக, பயன் பெறாதவராக, முகவரி மாறினாலும் கண்டுபிடிக்கக்கூடியவராக இருவர் வேண்டும். பணியில் இருக்கும் மருத்துவர் ஒருவர் சாட்சியாக நின்றால் நீதிமன்றத்தில் எடை கூடும். மருத்துவர்கள் பின்வாங்குவது சம்மனுக்குப் பயந்து. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

உயிலா, தானசெட்டில்மென்ட்டா என்று கேட்டால், கட்டிலில் படுத்திருப்பவருக்கு உயிலே பாதுகாப்பு என்பது என் முடிவு. தேறி எழுந்தால் கிழித்துப் போடலாம். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேறி எழுந்த பெற்றோர், சொந்த வீட்டின் திண்ணையில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்காமலில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்துசெய்ய வழி தருகிறது. அதற்கும் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்ட வேண்டும், அலைய வேண்டும். இஸ்லாமியர்களுக்குக் கணக்கு வேறு: உயிலானாலும் மரணப் பிணியில் கொடுக்கும் கொடையானாலும், வாரிசுகள் இசையாவிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது.

வங்கியும் வாழ்நாள் சான்றும்

பவர் கேட்டு வருபவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் வேண்டியது வங்கிப் பணம் மட்டுமே. அதற்குப் பவரே தேவையில்லை. நோயாளிக் கணக்குதாரர்களுக்கென ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறை இருக்கிறது. கையெழுத்திட முடியாதவரின் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வாங்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால் ஏதாவது ஓர் அடையாளக் குறி போதும். பணத்தை யார் வாங்கிப் போவார் என்றும் நோயாளி குறிப்பிட வேண்டும். 2017 நவம்பரில் வந்த சுற்றறிக்கை எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும் வீடு தேடிச் சேவை தரச் சொல்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேட்டால் ஆள் வருவார். வாய்மொழியாகக் கேட்டால் ‘நோட்டரி வாங்கிட்டு வாங்க’ என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்று அநேகமாகத் தீர்ந்துபோன பிரச்சினை. 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு முறை, 2021-இலிருந்து முகத்தைப் படமெடுத்தே சான்று தருகிறது. எழுபது ரூபாய்க்கு அஞ்சல்காரர் வாசலுக்கே வருகிறார். அரசு மனம்வைத்தால் நேரில் வரச் சொல்லும் விதியை இவ்வளவு எளிதாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நோட்டரி உண்மையிலேயே வரவேண்டிய இடங்கள் இரண்டு மூன்று. பிரமாணப் பத்திரங்கள் ஒன்று. உறுப்புமாற்று சிகிச்சைக்கான உறுதிமொழிகளும் இதில் அடங்கும். இன்னொன்று, நம்மிடையே அதிகம் பேசப்படாத உயிர்வழி விருப்ப ஆவணம். குணமாக வாய்ப்பில்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவற்றால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. அப்போது முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஒப்பம் வேண்டும் என்று வைத்ததால் அதை நிறைவேற்றுவது நடைமுறையில் மிகக் கடினமாக இருந்தது. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றும் போதும் என்றது. புற்றுநோய் வார்டுக்கு நோட்டரியை அழைத்துச் செல்ல இதைவிடத் தகுந்த காரணம் இல்லை.

மனம் தெளிந்த வேளை

யார் வந்தாலும் அவர்களால் தீர்க்க முடியாத கேள்வி ஒன்று மிஞ்சுகிறது: அந்த வேளையில் நோயாளியின் மனம் தெளிவாக இருந்ததா? ஈரல் கெட்டவருக்குக் காலையில் இருக்கும் தெளிவு மாலையில் இருக்காது. இரத்தத்தில் சோடியம் குறைந்தால் முதியவர்கள் குழம்புவார்கள். மார்பின் கொடுத்த ஒரு மணி நேரத்தில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்தாலே பகலிரவு மயங்கிப் பிதற்றும் நிலை பலருக்கு வரும். மறுநாளே அது விலகவும் செய்யும். ஆகவே ‘அவர் நினைவோடு இருந்தார்’ என்ற பொதுவான சான்றுக்கு மதிப்புக் குறைவு. எத்தனை மணிக்கு, எந்த மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து, என்ன கேட்டு என்ன பதில் வந்தது என்று கேஸ் ஷீட்டில் மருத்துவர் எழுதும் நான்கு வரி பத்து முத்திரைக்குச் சமம்.

கேள்வியும் முக்கியம். ‘வீட்டைப் பெரியவருக்கு எழுதுறீங்க, சரிதானே?’ என்று கேட்டு வாங்கும் ‘ம்’ எதையும் நிரூபிக்காது. செல்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் அந்தப் படமே பின்னால் எதிராகத் திரும்பும். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், என்னென்ன சொத்து இருக்கிறது, எதை யாருக்குக் கொடுக்க நினைக்கிறீர்கள், ஏன் இளைய மகளுக்கு மட்டும் இல்லை என்று அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். ஆங்கில நீதிமன்றம் 1870-இல் பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கில் வைத்த சோதனையும் இதுதான். தொண்டையில் குழாய் செருகியவரால் பேச முடியாது. ஆனால் எழுதிக் காட்டலாம், எழுத்துப் பலகையில் விரல் வைத்துக் காட்டலாம்.

இதையெல்லாம்விடக் கடினம், அறையிலிருந்து உறவினர்களை வெளியே அனுப்புவது. கட்டிலைச் சுற்றி நிற்பதைப் பாசமாகவும் வெளியே போகச் சொல்வதை அவமானமாகவும் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் நம்முடையவை. பயன் பெறப்போகும் மகன் தலைமாட்டில் நிற்கும்போது தாய் என்ன சொல்வாள்? வருகிற அதிகாரிதான் கறாராக இருக்க வேண்டும். பத்து நிமிடம் கதவைச் சாத்த அவரால் முடியாவிட்டால் வேறு யாராலும் முடியாது.

வியப்பு என்னவென்றால், குற்றவியல் வழக்குகளில் இந்த ஏற்பாடு முழுமையாக இருக்கிறது. தீக்காயத்தோடு ஒரு பெண் சேர்க்கப்பட்டால் நடுவர் நள்ளிரவிலும் வார்டுக்கு வருகிறார். மருத்துவரிடம் நிலைமை கேட்கிறார். உறவினர்களையும் காவலர்களையும் வெளியேற்றுகிறார். கேள்வி பதிலாக மரண வாக்குமூலம் எழுதுகிறார். தேர்தலிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு: 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கு இரண்டு அலுவலர்கள் ஒளிப்பதிவாளரோடு போய் வாக்கு வாங்கினார்கள். சிவில் காகிதத்துக்கு மட்டும் ஒவ்வொரு குடும்பமும் புதிதாக வழி தேட வேண்டியிருக்கிறது.

புதுச் சட்டம் இல்லாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. பெரிய மருத்துவமனைகள் உள்ள பகுதிகளில் வாரம் இரண்டு பிற்பகல் பிரைவேட் அட்டெண்டன்ஸுக்கென ஒரு சார் பதிவாளரை ஒதுக்கலாம். விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் இணையத்தில் வாங்கி, ரசீதில் வருகை நேரத்தையும் அச்சிட்டுவிட்டால் காருக்கும் கவனிப்புக்கும் இடமில்லாமல் போகும். 38-ஆம் பிரிவின் விசாரணை ஆணையை மாவட்டங்களுக்கிடையே மின்னஞ்சலில் அனுப்பலாம். மருத்துவமனைகள் தம் பங்குக்கு மனத்தெளிவுக் குறிப்புக்கென ஒரு பக்கப் படிவம் வைத்து, அதை நிரப்புவதைப் பணி மருத்துவரின் வேலையாக அறிவித்தால், சாட்சியாக நிற்கத் தயங்கும் மருத்துவருக்கும் ஒரு மரியாதையான நடுவழி கிடைக்கும். இன்று பல மருத்துவமனைகள் ‘எங்கள் ஊழியர் எதிலும் கையெழுத்திடமாட்டார்கள்’ என்ற ஒற்றை வரியோடு ஒதுங்கிக்கொள்கின்றன. அந்த ஒதுங்கல் நோயாளியைக் காப்பதில்லை, அதிகம் சத்தம் போடும் உறவினரின் கையில் அவரை விட்டுவிடுகிறது.

பத்திர எழுத்தரைப் பிடிக்கவும் காசில்லாதவர்களுக்கு ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளவர்கள் எல்லாருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. மாவட்ட ஆணைக்குழுவில் வழக்கறிஞர் குழுவும் சட்டத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள், சிறைகளுக்குப் போகிறார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்து, நோயாளியின் பெயரையும் வார்டு எண்ணையும் சொல்லி, உயில் எழுத ஆள் வேண்டும் என்று கேட்கலாம். அரசு மருத்துவமனைப் பொது வார்டில் இரண்டு சென்ட் மனையும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒரு கைம்பெண்ணுக்கு நோட்டரியைவிட முதலில் வரவேண்டியவர் அந்த வழக்கறிஞர்தான்.